முப்பத்திரண்டு டிகிரியில் ஒரு பிணம்

போன் அலறியது.

எடுத்த இன்ஸ்பெக்டர் "ம்..." என்றார். அப்புறம், "எதையும் தொடாதீங்க" என்றார். பாதி குடித்த காபியை அப்படியே வைத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஆறாவது மாடி. அலுவலகத்தின் மூலையில் ஒரு கண்ணாடி அறை.

உள்ளே முதலாளி... பின்மண்டையில் அடி வாங்கி மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து அவர் யாரையும் திட்டாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

போலீஸ் டாக்டர் கையுறையைக் கழற்றினார். "உடம்புல இன்னும் சூடு இருக்கு. நடு ராத்திரி வாக்குல நடந்திருக்கணும்."

"அந்த நேரத்துல பில்டிங்ல யாரு?"

"வாட்ச்மேன் மட்டும்தான் சார்" என்றார் மானேஜர். ஸ்வெட்டருக்குள் கழுத்து வரை புதைந்திருந்த ஒல்லி மனிதர். "நான் ஒன்பது மணிலேருந்து ஆஸ்பத்திரியில. மாமியாருக்குக் கால் ஒடிஞ்சிருக்கு. விடிய விடிய முழிச்சிருந்தேன். நர்ஸைக் கேட்டுப் பாருங்க."

மாமியாருக்காக விடிய விடிய முழித்த மருமகன்! அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் படவில்லை. வாட்ச்மேனின் தோளில் கை வைத்தார்.

"என் பொண்ணு மேல சத்தியமா சார்... கேட்டை விட்டு நகரவே இல்ல." பெரிய மீசைக்காரர், தேம்பித் தேம்பி அழுதார்.

"ஸ்டேஷன்ல வந்து சொல்லு."

அப்போதுதான் ஏணியும் கையுமாக வந்தான் மெக்கானிக். அந்தக் கட்டிடத்தின் ஏசி, ஹீட்டர் எல்லாம் அவன் பொறுப்பு. அவனோ இன்ஸ்பெக்டரின் தலைவலி... தங்கை புருஷன்.

"மாப்ளே, நீ எங்க இங்க?"

"டைம் செட்டிங் வேலை பாக்கி மச்சான். நேத்து ஆறு மணிக்கு இவர்தான் கத்திக் கூப்பாடு போட்டு என்னைத் துரத்தி விட்டாரு." பிணத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டான்.

வெளியே வராந்தாவில் ஏணியைச் சாய்த்தான். ஏறினான். ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையைத் தள்ளி, டார்ச் அடித்து எட்டிப் பார்த்தான்.

இறங்கும்போது முகம் வெளுத்திருந்தது.

"மச்சான்... வாட்ச்மேனை விட்டுருங்க. கொலை நடு ராத்திரி நடக்கல. சாயங்காலமே முடிஞ்சிருச்சு."

"நீ எப்போ டாக்டர் ஆனே?"

"ஆளில்லாத நேரத்துல ஹீட்டரைத் தூங்க விடணும். பதினஞ்சு டிகிரிக்குக் கீழ போனாத்தான் அது முழிக்கணும். நான் அப்படித்தான் வெச்சிருந்தேன். யாரோ ராத்திரி பூரா முப்பத்திரண்டுன்னு மாத்தியிருக்காங்க. காலையில தானா கூலிங் ஓடற மாதிரியும் வெச்சிருக்காங்க. நீங்க வர்றதுக்குள்ள ரூம் பழையபடி ஆயிடுச்சு."

டாக்டர் தாடையைச் சொறிந்தார். "அவ்வளவு சூட்டுல கிடந்திருந்தா உடம்பு சீக்கிரம் ஆறியிருக்காது. ஆமா... சாயங்காலம்தான்."

நடு ராத்திரியில் மெக்கானிக் இன்ஸ்பெக்டரோடுதான் சீட்டாடிக்கொண்டிருந்தான். ஆனால் சாயங்காலம்?

"சாயங்காலம் நீ இங்க இருந்திருக்கே. சண்டை வேற. வாயை மூடிட்டு இருந்திருந்தா தப்பிச்சிருப்பே, தெரியுமா?"

"தெரியும். அந்த ஆள் அழறதைப் பார்த்து மனசு கேக்கல."

அவனுக்குப் பயமாக இருந்தது.

"அந்த செட்டிங் எல்லாம் மாத்தத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான் சார்" என்று எடுத்துக் கொடுத்தார் மானேஜர்.

அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு தெர்மோஸ்டாட், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி. இன்ஸ்பெக்டர் அதைக் காட்டினார். "அப்போ இது?"

"டம்மி" என்றான் மெக்கானிக்.

அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

"ஒயரே கிடையாது. ஒருத்தருக்குக் குளிருது, ஒருத்தருக்கு வேகுது, நாள் பூரா சண்டை. 'அமுக்கி விளையாட ஒண்ணை சுவர்ல மாட்டு, நிஜத்தை மேல ஒளிச்சு வை'ன்னு முதலாளிதான் சொன்னாரு. எங்க தொழில்ல இது சகஜம். விஷயம் தெரிஞ்சது எங்க ரெண்டு பேருக்குத்தான்."

"அவர் போயிட்டார். மிச்சம் நீதான் மாப்ளே."

விலங்கை எடுத்தார். தங்கை முகம் கண் முன்னால் வந்து நின்றது. கை தயங்கியது.

அதற்குள், சீலிங்கில் ஏறிப் பார்த்த ரேகை நிபுணர் ஏணியிலிருந்து இறங்கினார். "மேல ஒளிச்சு வெச்ச நிஜ மெஷின்ல ரேகையே இல்ல சார். சுத்தமாத் துடைச்சிருக்கு."

மெக்கானிக் நிமிர்ந்தான். "நேத்துகூட அதுல கை வெச்சேன் மச்சான். என் ரேகை இருக்கிறதுதான் நியாயம். அதை நான் எதுக்குத் துடைக்கணும்?"

இன்ஸ்பெக்டர் விலங்கைக் கீழே இறக்கினார். அப்படியென்றால் விஷயம் தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். ஊழியர்கள் பக்கம் திரும்பினார்.

"இந்த டம்மியை யாரெல்லாம் அமுக்குவீங்க?"

"எல்லாரும்தான் சார்" என்றாள் டைப்பிஸ்ட். "நான் தினம் ரெண்டு டிகிரி குறைச்சாத்தான் எனக்கு வேலையே ஓடும். மானேஜர் சார் மட்டும் தொடவே மாட்டார்."

இன்ஸ்பெக்டர் மெல்ல நடந்து மானேஜரின் மேஜையில் உட்கார்ந்தார்.

"குளிர் தாங்காம ஸ்வெட்டர். கை நீட்டினா பெட்டி. ஒரு தடவை கூட அமுக்கிப் பார்க்கணும்னு தோணலையா... இல்ல, அமுக்கிப் பிரயோஜனம் இல்லைன்னு முன்னாடியே தெரியுமா?"

மானேஜர் ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலியில் போட்டார். முதுகெல்லாம் வேர்வை.

"முதலாளியே ஒருநாள் சொல்லிச் சிரிச்சாரு சார். பதினாறு வருஷமா, 'எனக்கு அப்புறம் இந்த நாற்காலி உனக்குத்தான்'னாரு. நேத்து, மகனுக்குக் கொடுத்துட்டேன்னு அதே சிரிப்பு சிரிச்சாரு. அந்த நாற்காலிக்கும் ஒயர் இல்லைன்னு அப்பத்தான் புரிஞ்சுது."

லிஃப்டில் இறங்கும்போது இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ஏன் மாப்ளே... போன வருஷம் என் வீட்டு ஹால்ல ஒரு தெர்மோஸ்டாட் மாட்டினியே. நானும் தினம் குறைக்கிறேன். புழுக்கம் மட்டும் குறையவே இல்ல."

மெக்கானிக் ஏணியைத் தோள் மாற்றிக்கொண்டான்.

"அது உங்க வீட்டு அக்கா கொடுத்த ஆர்டர் மச்சான். தைரியம் இருந்தா அவங்களைக் கைது பண்ணுங்க."