ஜனகனின் துடிப்பு

பிலிமத்தலாவையிலிருந்து மேலே ஏறும் பாதை முடிகிற இடத்தில், பழைய தோட்டத்துரை பங்களாவொன்றில் அந்தத் தனியார் ஆய்வுகூடம் இருந்தது. முச்சக்கரவண்டியை அனுப்பிவிட்டுப் பிரியாந்தினி உள்ளே நுழைந்தபோது பிற்பகல் மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. பேராசிரியர் சண்முகநாதனிடம் அவள் வேலைக்குச் சேரும் முதல் நாள்.

போன வருடம் அவளுடைய தம்பி ஜனகன் இறந்திருந்தான். அடங்கியிருக்க வேண்டிய ஒரு மரபணு ஓயாமல் இயங்கி அவனுடைய இதயத் தசையைத் தின்றது. அதை அடக்கும் புது மருந்தைச் சண்முகநாதன் பரிசோதித்துக்கொண்டிருந்தார். பயந்து மறுத்த தம்பியைச் சம்மதிக்க வைத்தவள் பிரியாந்தினிதான். மருந்து தோற்றுவிட்டது என்றார் அவர். அவள் நம்பினாள். ஜனகனின் சவப்பெட்டியைத் தூக்க அவரும் தோள் கொடுத்தாரே!

உயிரணுக்கள் வளர்க்கும் அறையில் ஈரமான சூடு. மருந்து நெடிக்குள் இன்னொரு மணம். ஜனகன் நெஞ்சில் தேய்க்கும் யூக்கலிப்டஸ் தைலம்.

கண்ணாடித் தட்டொன்றை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தாள். தோலிலிருந்து வளர்த்தெடுத்த இதய உயிரணுக்கள் துடித்தன. அவை துடிக்கும் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான்.

ஆனால் அந்தத் துடிப்பு காதில் கேட்டது.

டப். டப்.

உயிரணுக்களைச் சூட்டில் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அத்தனை தட்டுகளிலிருந்தும், ஒரே தாளத்தில்.

"அக்கா..."

பிடரியில் மூச்சுப் பட்டது. திரும்பினாள். யாருமில்லை.

"அக்கா, எனக்கு மருந்து போடவேயில்லை."

வாசலில் சண்முகநாதன் முகம் வெளிறி நின்றார். அவருக்கும் கேட்டிருந்தது.

"சேர், இது ஆற்ற செல்?"

"ஜனகன்ர. மருந்து போட்டு வளத்தது. நல்லா வேலை செய்யுது, பிள்ளை."

"அப்ப அவனுக்கு ஏன் வேலை செய்யேல்லை?"

துடிப்பு வேகமெடுத்தது. கண்ணாடிகள் அதிர்ந்தன. அவர் இரு காதுகளையும் பொத்திக்கொண்டார்.

"அவனுக்கு ஏத்தினது வெறும் உப்புத் தண்ணி. மருந்து எடுக்காத ஆக்களும் இருந்தாத்தானே வித்தியாசத்தைக் காட்டலாம்..."

"மருந்து எண்டுதானே சொன்னனீங்கள்! அவன்ர கையைப் பிடிச்சு ஊசிக்கு நீட்டினது நான், சேர்!"

சட்டென்று எல்லாம் அடங்கியது.

தட்டுகளில் ஓர் உயிரணுகூட அசையவில்லை. சண்முகநாதன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

ஆஸ்பத்திரிக்கு அவளே கொண்டுபோனாள். ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை. தாதி றேணுகா அவருடைய இடப்பக்க நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள்.

"பயப்படாதீங்க மிஸ், துடிப்பு நல்லா இருக்கு."

குழாயை வலப்பக்கம் நகர்த்தியவள் அப்படியே நின்றாள். மறுபடியும் வைத்துக் கேட்டாள். பிறகு குரல் தாழ்ந்தது.

"மிஸ்... இந்தப் பக்கமும் ஒன்னு துடிக்குதே."