ஏழு சட்டைகளுக்கு அடியில்

சனி, காலை 10.40. பீரோ பூட்டு உடையவில்லை. மரபணுப் பரிசோதனை அறிக்கை மட்டும் காணோம்.

"தட்டுல விரிச்ச பேப்பருக்கு அடியில வெச்சேன். ஒம்போதுக்கு மகனைப் பயிற்சிக்கு அனுப்புறப்ப இருந்துச்சு. உறையைக்கூடப் பிரிக்கல," என்றாள் புகார் கொடுத்த பானுப்ரியா.

அவள் மகன் அழகுராஜாவுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். பேச்சு இல்லை. ஆறு வயது மகள் தீபாவுக்கும் அதுதான். ஆனால் பேசுவாள், பள்ளிக்குப் போவாள். இது யார் வழி வந்தது என்று நாளை ரெட்டியார்சத்திரத்தில் சொந்தங்கள் கூடிப் பேசும். அவள் வழி என்றால் அவள் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டும்.

சப்-இன்ஸ்பெக்டர் சத்யபிரியா பார்த்தார். பையனின் ஏழு சட்டைகள் தட்டை அடைத்து வரிசையாக இருந்தன. அவற்றை இறக்காமல் பேப்பரைத் தூக்க முடியாது. செல்போனில் படமெடுத்தார். இறக்கினார், உதறினார், கைக்கு வந்தபடி திரும்ப அடுக்கினார்.

முந்தின நாள் வந்த நாத்தனார் சண்முகவள்ளி சிரித்தாள். "எங்க வகையறாவுல இப்படி ஒண்ணு உண்டா? காகிதத்துக்குக் கால் முளைச்சிருச்சாக்கும்."

கணவன் கண்ணுசாமி பூ வியாபாரி. "ஒம்போதரைக்கு மார்க்கெட்ல இருந்து வந்தேன் மேடம். படுத்துட்டேன்."

"பையன் இன்னைக்கு என்ன சட்டை?"

"பச்சையா... அதெல்லாம் அவதான்."

ஆஸ்பத்திரியில் நகல் கேட்க பானுப்ரியாவின் கையெழுத்து வேண்டும். அவள் பேனாவைப் பிடித்தபடி நின்றாள்.

"இன்னொண்ணு குடுப்பாகளா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

12.30. அழகுராஜா வந்தான். பீரோவைத் திறந்தான். அலறினான். சட்டைகளை இறக்கித் தன் வரிசையில் அடுக்கினான். அலறல் நின்றது.

சத்யபிரியா காலையில் எடுத்த படத்தைப் பார்த்தார். அதே வரிசை. மற்ற இருவரையும் வெளியே அனுப்பினார்.

"எடுத்தவங்க பழைய வரிசையிலேயே அடுக்கியிருக்காங்க. அது உன் வீட்டுக்காரருக்குத் தெரியாது. நேத்து வந்த நாத்தனாருக்கும் தெரியாது. பையன் வீட்லயே இல்ல. காகிதம் எங்க?"

"வெந்நீர் அடுப்புல போட்டேன். முதல் பக்கத்துல அம்மான்னு இங்கிலீஷ்ல இருந்துச்சு. அதுக்கு மேல படிக்கல."

நகல் செல்போனுக்கு வந்திருந்தது. சத்யபிரியா டாக்டரிடமும் கேட்டிருந்தார்.

"ஒரு மரபணு மாற்றம் உன் வழி. உனக்கு இருக்கு, தீபாவுக்கும் இருக்கு. பையனுக்கு அதோட இன்னொண்ணும் இருக்கு. அது ரெண்டாம் பக்கத்துல இருக்கு, புதுசு. உன்கிட்டயும் இல்ல, அவங்கப்பாகிட்டயும் இல்ல. ரெண்டும் சேர்ந்துதான் அவனுக்கு இம்புட்டு கடுமைங்கிறார் டாக்டர்."

"அது யாருகிட்ட இருந்தும் வரலியா?"

"இல்ல."

பானுப்ரியா பீரோவைச் சாத்தினாள்.

"நாளைக்குச் சொந்தக்காரவுக முதல் பக்கத்தோட நிறுத்திருவாக."

"நீயும் அங்கதான நிறுத்தின."

அவள் பீரோ சாவியை முந்தானையில் முடிந்தாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கூடுறாங்க?"

"பத்து."

சத்யபிரியா புகாரைக் கோடு போட்டு அடித்தார். அதன் கீழே எழுதினார்: ஞாயிறு, காலை 10.00. ரெட்டியார்சத்திரம். இரண்டாம் பக்கம் வாசிக்க.