காற்று அசையக் கூடாத அறை

"யாருங்க ஃபேனைப் போட்டது?"

அவள் போட்ட சத்தத்தில், ஆய்வகத்தின் மறுகோடியில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்ற வெப்பமாற்றிக் கருவியைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே நழுவவிட்டான்.

"நான்தாங்க... ஒரே புழுக்கமா இருக்கேன்னு..."

"புழுக்கமா? ரெண்டு மணி நேரமா மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்!"

அவள் முன்னால் கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு பித்தளைக் குழாய் நெட்டுக்குத்தாக நின்றது. உள்ளே ஹீட்டர். குழாயை ஒட்டிய காற்று சூடாகித் தானாக மேலே ஏற வேண்டும். வேறு காற்று படக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையைக் குறிக்க வேண்டும். தொடர்ந்து மூன்று தடவை ஒரே எண் வந்தால்தான் கணக்கு. இரண்டு தடவை வந்தாயிற்று. மூன்றாவதற்கு இரண்டே நிமிடம் இருக்கும்போது இந்த மகானுபாவர் சுவிட்சைத் தட்டிவிட்டார். எண் மளமளவென்று இறங்கியது.

நாளைக்குக் கூண்டைப் பிரித்துவிடுவார்கள். இந்த எண் இல்லாமல் ஆய்வேடு ஓர் அங்குலம் நகராது. அப்பா வேறு, "மூணு வருஷம் பொறுத்தாச்சு. இன்னிக்கும் முடியலேன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு வீடு வந்து சேரு" என்று காலையிலேயே போனில் சொல்லிவிட்டார். மூன்று மணிக்குத் துறைத் தலைவி மேடம் வந்து நோட்டைப் பார்ப்பார். இப்போது மணி பன்னிரண்டு பத்து.

அந்த நோட்டில் அழிக்கிற பேச்சே கிடையாது. கெட்டுப்போன அளவை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் உண்மைக் காரணத்தை எழுதி, காரணமானவர் கையெழுத்துப் போட வேண்டும். மேடத்தின் சட்டம் அது.

ஃபேனை நிறுத்திவிட்டு வந்தவனிடம், "எழுதுங்க" என்று நோட்டை நீட்டினாள்.

'எனக்கு வேர்த்தது. ஃபேனைப் போட்டேன்.' கையெழுத்து என்னவோ முத்து முத்தாகத்தான் இருந்தது. நிமிர்ந்த கண்களும்... சே! கண்ணைப் பார்க்கிற நேரமா இது?

"மறுபடி ஆரம்பிச்சா முடியாதுங்களா?"

"முடியும். அந்தக் கதவு சும்மா இருந்தா."

வெளியே மழை. தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு லொடலொடவென்று ஆடியது. அடி இடுக்கில் ஈரக் காற்று நுழைந்தது. அவன் தன் வேலைக் கோட்டைச் சுருட்டி இடுக்கில் செருகினான். பிறகு கதவுக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"எனக்கு யாரோட தயவும் வேண்டாம். உங்க வேலையைப் பாருங்க."

"தயவு இல்லீங்க... கையெழுத்துப் போட்டிருக்கேன்ல?"

ஒரு மணிக்கு அவனுடைய போன் அடித்தது. மறுமுனையில் முதலாளி கத்தியது இங்கே வரை கேட்டது. "இல்லீங்கய்யா... இன்னிக்கு முடியாது. தப்பு என்னோடதுதான்" என்றான் அவன். அவளுக்குச் சுருக்கென்றது. அவனுக்குத் தண்ணீராவது கொடுக்கலாம். ஆனால் எழுந்து நடந்தால் காற்று அசையும். நடுவில் பத்தடி. அந்தப் பத்தடியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு என்னவோ செய்தது.

இரண்டு பத்து: அறுபத்தெட்டு புள்ளி நாலு. இரண்டு இருபது: அதே. இன்னும் ஒன்று... ஒன்றே ஒன்று...

அவன் கண்ணை மூடித் தலையைக் கதவில் சாய்த்திருந்தான். ஜன்னலின் மழை வெளிச்சம் முகத்தில் விழுந்தது. நெற்றியில் ஒரு வேர்வைத் துளி விழுவேனா என்று நின்றது. விழுகிறதா பார்ப்போம் என்றுதான் பார்த்தாள்...

கடிகாரத்தைப் பார்த்தபோது இரண்டு முப்பத்துமூன்று!

"அய்யோ... விட்டுட்டேன்!"

"எண் அப்படியேதானே இருக்கு? போட்டுடுங்க."

"பார்க்காததை எப்படிங்க எழுதறது?"

"ஏன் பார்க்கலை?"

அவளுக்குக் காது மடல்கள் சுட்டன.

திரும்ப முதலிலிருந்து மூன்று. இரண்டு நாற்பது... இரண்டு ஐம்பது... அப்போது கதவு தட்டப்பட்டது. மேடம்! பத்து நிமிடம் முன்னாலேயே!

"மேடம், மன்னிச்சுக்கங்க... மூணு மணி வரைக்கும் திறக்க முடியாதுங்க!" என்றான் அவன், முதுகை இன்னும் அழுத்திக்கொண்டு.

வெளியே ஒரு சத்தமும் இல்லை. போய்விட்டாரா? கோபமா? இந்தத் தடவை அவள் எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மூன்று மணி. அறுபத்தெட்டு புள்ளி நாலு!

கதவு திறந்தது. மேடம் நோட்டைப் புரட்டினார். கடைசி மூன்று எண்களுக்கும் கீழே கையெழுத்துப் போட்டார். அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"ரெண்டரைக்கு ஏன் காலியா இருக்கு? காரணம் எங்கே?"

பேனாவை எடுத்தாள். 'கவனக்குறைவு' என்று எழுதலாம். அதுவும் பாதிப் பொய்தான். இந்த நோட்டில் இதுவரை அவள் பொய் எழுதியதில்லை.

'கதவோரம் இருந்தவரைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். நேரம் போனது தெரியவில்லை.'

மேடம் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், திரும்ப மாட்டிக்கொண்டார். "காரணமானவர் கையெழுத்து இல்லையே? வாங்கி வை" என்று சொல்லிவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார்.

அவன் நோட்டை வாங்கி ரொம்ப நேரம் படித்தான். கையெழுத்துப் போட்டான். பிறகு முந்தைய பக்கத்தைப் புரட்டி, முதலில் தான் எழுதியதை ஒரே கோடாக அடித்தான். பக்கத்தில் எழுதத் தொடங்கினான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

'வேர்த்தது எனக்கில்லை. அவங்களுக்கு. வந்ததிலிருந்து அவங்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.'

"இப்பவாவது ஃபேனைப் போடலாங்களா?" என்றான், தலை நிமிராமல்.

அவளே எழுந்து போய்ச் சுவிட்சைத் தட்டினாள்.