சுவரோரக் குளிர்

ஆரியசாலையில் அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்ததே பிள்ளைக்காகத்தான். பிரணவ் எட்டாம் மாசத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்தவன். வேர்க்குரு வந்தாலே மேலெல்லாம் பழுத்துப் புண்ணாகிவிடும். ஏசி அறையில் படுக்க வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வீட்டுப் படுக்கையறையில் ஒரு ஸ்பிளிட் ஏசி இருந்தது. திவ்யலட்சுமிக்கு அது போதும், மற்றதெல்லாம் எப்படியிருந்தால் என்ன!

சாலைக் கடைகளின் வற்றல் மிளகாய் நெடி ஜன்னலேறி வரும் மத்தியானங்களில், பிள்ளையைச் சுவரோரமாகக் கிடத்தி ஏசியைப் போடுவாள். கொஞ்ச நேரம்தான். பீப் பீப்பென்று அலறிவிட்டு அது அணைந்துபோகும். டிஸ்பிளேயில் எண் மறைந்து எல், ஓ என்று இரண்டு ஆங்கில எழுத்து மினுங்கும். அடுப்பில் இருப்பது அடுப்பிலேயே கிடக்கட்டும் என்று ஓடிவந்து பிள்ளையை அள்ளிக்கொள்வாள். அவன் வலது கை மட்டும் சுவர்ப் பக்கம் நீண்டு, விரல்கள் இறுக மூடியிருக்கும்.

"யாரு விரலடா பிடிச்சிட்டுக் கிடக்கே, கள்ளப்பயலே?" என்று கொஞ்சுவாள்.

மெக்கானிக் பிரதீஷ் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"சேச்சி, எல் ஓன்னா அறை ரொம்பக் குளிர்ந்துபோச்சுன்னு அர்த்தம். ஐஸ் கட்டுற குளிராம். இந்த வேனல்ல! சென்சார் போயி, வேறொண்ணுமில்ல."

புது சென்சார் மாட்டினான். மறுநாளும் எல் ஓ. போர்டை மாற்றினான். ம்ஹூம். ஆளில்லாதபோது நாள் முழுக்கச் சமர்த்தாக ஓடுகிற ஏசி, பிள்ளை கண்ணயர்ந்தால் மட்டும் அலறியது. அவள் அதைச் சொன்னாள். பிரதீஷ் காதில் போட்டுக்கொண்டால்தானே?

"ஒரு வழி இருக்கு சேச்சி. எல்லாரும் செய்யறதுதான்."

சென்சாரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அந்த இடத்தில் சின்னதாக ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்தான். "இனி அறை எப்படி இருந்தாலும் இருபத்தஞ்சு டிகிரின்னுதான் இது நினைக்கும். அந்த எல் ஓ எரர் கோடே வராது. நிம்மதியா உறங்குங்கோ."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

அடுத்த நாள் ஏசி அலறவேயில்லை. ரசம் வைத்தாள். துணி மடித்தாள். புருஷன் ஆதர்ஷ் கடையிலிருந்து கூப்பிட்டபோது, "இன்னிக்குத்தான் பிள்ள அசந்து உறங்குது" என்று பெருமையடித்துக்கொண்டாள். ஃபோனை வைத்த பிறகுதான், வீட்டில் ஒரு சத்தமும் இல்லையே என்று உறைத்தது.

அறைக் கதவைத் திறந்தாள். பால் திரிந்த வாடை குப்பென்று அடித்தது.

அவள் மூச்சு வெள்ளையாகப் புகைந்தது.

பிள்ளையின் மூக்கருகே மெல்லிசாக ஒரு புகை.

அதற்கும் அப்பால், சுவரோரம், இன்னொன்று.

"அய்யோ, என் மக்கா!"

வாரி எடுத்தாள். பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. மூடிய வலது கை மட்டும் வரவில்லை. சுவர்ப் பக்கமிருந்து யாரோ விட மனசில்லாமல் பிடித்திருப்பதுபோல் இழுத்தது. பிய்த்துக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். வெயில் பட்டுப் பிள்ளை வீறிட்டு அழுத பிறகுதான் அவளுக்கே உயிர் வந்தது.

உள்ளே ஏசி, அப்போதும் இருபத்தைந்து என்றே காட்டிக்கொண்டிருந்தது.

பிரதீஷை ஃபோனில் கூப்பிட்டாள். அவன் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"சேச்சி... கழட்டின சென்சாரை மீட்டர்ல வெச்சு நோக்கினேன். அதுக்கு ஒரு கேடும் இல்ல. அது சொன்னதெல்லாம் சரிதான். பிள்ளைய எடுத்துட்டு வெளிய போங்கோ."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இத்தனை நாளும் அந்த அலறல்தானே அவளைக் கூப்பிட்டுப் பிள்ளையைக் காப்பாற்றியது! அதன் வாயை அடைக்க அவளே ஆள் கூட்டி வந்தாளே!

டாக்டரிடம் காட்டிவிட்டு, சாயங்காலமே கரமனையில் ஆதர்ஷின் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். அங்கே ஏசி கிடையாது. ஃபேன் சுற்றச் சுற்ற வியர்த்து ஊற்றியது. அந்த வியர்வை அவளுக்கு எத்தனை சந்தோஷமாக இருந்தது! பிள்ளை வயிறு முட்டப் பால் குடித்துவிட்டு உறங்கினான்.

அடிக்கடி சூடு பாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இடது அக்குளில் டிஜிட்டல் தெர்மாமீட்டரை வைத்தாள். தொண்ணூற்றெட்டு.

"பாத்தியா திவ்யா, பயல் நல்லாத்தான் இருக்கான். இனிப் பேடிக்காதே" என்றான் ஆதர்ஷ்.

பிள்ளை தூக்கத்தில் அசைந்தான். வலது கை மெல்ல நீண்டு, கட்டிலின் வெற்றிடத்தில் எதையோ தேடியது. விரல்கள் இறுக மூடிக்கொண்டன.

திவ்யலட்சுமி தெர்மாமீட்டரை அந்தக் கையின் அக்குளில் வைத்தாள்.

பீப்.

எண் வரவில்லை. எல், ஓ.