ரேடியேட்டர்ல காத்து

வெள்ளிக்கிழமை மத்தியானம் நானும் என் கூட்டாளி டாரிலும் கோத்தா திங்கிலேர்ந்து செனாய்க்கு என் கார்ல வந்துக்கிட்டு இருந்தோம். ரெண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம், வேற ஒண்ணும் இல்ல. டெம்பரேச்சர் முள்ளு சர்ருன்னு மேல ஏறிடுச்சு. ஓரமா நிப்பாட்டி போனட்டத் தூக்குனா ஒரே ஆவி. ஒரு ஹோஸ் கிளிப் லூசு, அவ்ளோதான். டைட் பண்ணிட்டேன். ஆனா உள்ள இருந்த தண்ணி பாதி ரோட்டுல.

எங்ககிட்ட குடிக்கக்கூட ஒரு சொட்டு இல்ல.

பத்தடி தள்ளி ஒரு சின்ன சிமெண்டு கல்லு. காஞ்ச மாலை, ரெண்டு சிகரெட், சீல் உடைக்காத ரெண்டு பெரிய மினரல் தண்ணி பாட்டில். அங்க அடிபட்டுச் செத்த யாருக்கோ வீட்டு ஆளுங்க வச்சிட்டுப் போனது. தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே உயிர் போனவங்களுக்குத்தான் அப்படி வைப்பாங்கன்னு எங்க பக்கம் சொல்வாங்க.

வேணாம்டான்னேன். டாரில் ஏற்கனவே மூடியத் திருகிட்டான்.

"அவன் எங்க குடிக்கப் போறான்? கார் குடிக்கட்டும்லா."

எஞ்சின் ஆறுற வரைக்கும் உக்காந்திருந்து ரெண்டு பாட்டிலயும் ஊத்துனோம். வீடு வந்து சேந்தாச்சு. ஆனா வழியெல்லாம் டேஷ்போர்டுக்குப் பின்னாடி சலசலன்னு சத்தம். உள்ள காத்து மாட்டிக்கிச்சு. பரவால்ல, நானே எடுத்துடுவேன், பத்து நிமிஷ வேலைன்னு அம்மாகிட்ட பெருசா பேசிட்டேன்.

மறுநாள் ரெண்டு மணிக்கு அம்மாவுக்கு குலாய்ல டயாலிசிஸ். ஒரு தடவை விட்டாலும் நுரையீரல்ல தண்ணி ஏறிடும். போன வருஷம் அப்படி ஏறித்தான் ஐசியு வரைக்கும் போயிட்டு வந்தாங்க.

காலையில ஒன்பதுக்கு ஆரம்பிச்சேன். முன் டயர் ரெண்டையும் பலகை மேல ஏத்தியாச்சு, மூக்கு தூக்கி இருந்தாத்தான் காத்து மேல வரும். ரேடியேட்டர் வாயில புனல். ஹீட்டர் ஃபுல் சூடு. எஞ்சின் ஓடுது, நான் ஹோஸப் பிடிச்சு அமுக்கி அமுக்கி விடுறேன். பபிள் வருது, தண்ணி இறங்குது, ஊத்துறேன். பபிள் நின்னா மூடிய மாட்டிட்டு போக வேண்டியதுதான்.

நிக்கல.

பத்தே முக்கால் ஆச்சு. அந்த எஞ்சினுக்கு மொத்தமே அஞ்சு லிட்டர்தான் புடிக்கும். நான் ஒன்பது ஊத்திட்டேன். கீழ படுத்துப் பாத்தேன், தரை காஞ்சு கெடக்கு. ஆயில்ல தண்ணி கலக்கல. புகையும் வெள்ளையா இல்ல. கடுப்புல ஸ்பேனரத் தூக்கி வேலியில அடிச்சேன். கார் ரிப்பேர் பண்ற ஃபோர்மென் திங்கக்கிழமைதான் வருவேன்னுட்டான். ஆப்ல காரு கூப்ட்டா மூணு பேரு வரிசையா கேன்சல். டாரில் உதவிக்கு வந்திருந்தான், ஆனா அவன்கிட்ட இருக்கறது மோட்டர் சைக்கிள், அம்மாவால அதுல ஏற முடியாது. அவன் வேற, கேஸ்கட் போச்சுடா, காரப் பழைய இரும்புக்குப் போடுன்னு சிரிக்கிறான்.

கேஸ்கட் வழியா எஞ்சின் காத்து தண்ணிக்குள்ள கசிஞ்சா, எஞ்சின் நின்னதும் பபிளும் நிக்கணும். சாவியத் திருப்புனேன்.

எஞ்சின் நின்னுடுச்சு.

மடக். மடக். மடக்.

அப்புறம் கொஞ்சம் அமைதி, மூச்சு வாங்கற மாதிரி. மறுபடியும் மடக். மடக். புனல்ல தண்ணி விரலளவு விரலளவா இறங்குது. டாரில் சிரிப்ப நிப்பாட்டிட்டான்.

கதவுகிட்ட அம்மா நிக்கிறாங்க. கையில அவங்க பாட்டில், மார்க்கர்ல கோடு போட்டது. ஒரு நாளைக்கு அரை லிட்டர், அதுக்கு மேல குடிக்கக் கூடாது. நாக்கு ஒட்டிக்கிட்டு தவிப்பாங்க, பாத்திருக்கேன்.

"பிரையன், அது காத்து வர்ற சத்தம் இல்லடா. யாரோ குடிக்கிறாங்க."

தண்ணி எங்க எடுத்தீங்கன்னு கேட்டாங்க. நான் சொல்லிட்டேன்.

அம்மா திட்டல. சிலுவை போட்டுக்கிட்டு, மெதுவா நடந்து வந்து, அவங்க பாட்டில்ல இருந்த மொத்தத்தையும் புனல்ல ஊத்துனாங்க.

"பசங்க தெரியாம எடுத்துட்டாங்கப்பா. தாகம்னா என்னன்னு எனக்குத் தெரியும். என் பங்குலேர்ந்து எடுத்துக்க."

சத்தம் நின்னுடுச்சு. தண்ணி தானா மேல ஏறி, புனல் விளிம்புல வந்து நின்னுச்சு. ஒரு பபிள் இல்ல.

வண்டிய எடுத்தேன். குலாய் வரைக்கும் முள்ளு நடுவுலயே நின்னுச்சு. மனசு லேசாயிடுச்சு, பொய் சொல்லல. ரெண்டரைக்கு அம்மாவ மெஷின்ல போட்டாங்க. நான் பக்கத்துல நாற்காலியில கண் அசந்துட்டேன்.

பீப் சத்தத்துல முழிச்சேன்.

நர்ஸ் மலர் அக்கா ரத்தம் போற டியூப விரலால சுண்டிச் சுண்டி விடுறாங்க, நான் ஹோஸ அமுக்குன மாதிரியே. லைன்ல காத்து தம்பி, எங்கேர்ந்து வருதுன்னே தெரியல, எல்லா மூட்டும் டைட்டாத்தான் இருக்குன்னாங்க.

மெஷின்ல ஒரு சின்ன குப்பி இருக்கும், ரத்தம் அது வழியாத்தான் சுத்தி வரும். அதுல பபிள். ரத்தம் விரலளவு விரலளவா இறங்குது.

அக்கா பம்ப நிப்பாட்டுனாங்க.

மெஷின் நின்னுடுச்சு.

மடக்.