உடம்புக்கு ஆக்டிங் டிரைவர்

மனிதகுலம் தன் உடலை முழுவதுமாக வென்றெடுத்த நூற்றாண்டு அது. பிடரியில் பதித்த ஒரு சில்லின் வழியாக மனத்தை உடம்பிலிருந்து கழற்றலாம், இன்னோர் உடம்பில் மாட்டலாம். ஞானிகள் பல பிறவிகள் காத்திருந்து தேடியதை விஞ்ஞானம் ஒரு தும்மல் போடுகிற நேரத்துக்குள் முடித்துக் காட்டியது. இந்த மகத்தான விடுதலையை மனிதன் முதலில் எதற்குப் பயன்படுத்தினான் என்றால், காலையில் தனக்குப் பதிலாக இன்னொருத்தரை ஓடவிடுவதற்கு.

அன்றும் அறவாழி விடிந்தும் விடியாமலும் அடையாறு உடற்கொட்டகைக்குப் போய்த் தன் உடம்பை ஒப்படைத்தார்.

"இடது முட்டி சத்தம் போடுது சந்தனராஜ். பாலத்துல ஏத்தும்போது பார்த்து ஏத்துங்க."

"நான் பார்த்துக்கறேன் சார். வயித்தைக் காலி பண்ணிட்டுத்தானே வந்தீங்க?"

"ஆச்சு, ஆச்சு."

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. திருவான்மியூர் தாண்டுறதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

சந்தனராஜ் உரிமம் பெற்ற உடலோட்டி. அரசாங்கம் வைத்த பெயர் அது. ஊரில் எல்லாரும் ஆக்டிங் டிரைவர் என்றே சொன்னார்கள். முதல் ஒரு மணி நேரம் அவர் வாடிக்கையாளரின் உடம்பில் ஏறிக்கொண்டு ஓடுவார், தண்டால் எடுப்பார், வியர்வையை வழித்துப் போடுவார். அடுத்த ஒரு மணி நேரம் ஆறுநேரம்: உடம்பைக் குளிர் அறையில் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்துத் தசைகளை ஆறவிடுவார்கள். அதுவரை உடம்புக்குச் சொந்தக்காரரின் மனம் டிபன் கேரியர் அளவுள்ள மனப்பேழைக்குள் உட்கார்ந்து சீரியல் பார்க்கலாம், சொற்பொழிவு கேட்கலாம். பிறகு சூடாக, களைத்துப்போய், புண்ணியம் செய்த மாதிரி இருக்கும் உடம்பை வாங்கி மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போகலாம்.

அறவாழியின் ஆபீஸ் தலைமைச் செயலகத்தில். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் 'புலனடக்கமும் நிர்வாகமும்' என்ற தலைப்பில் வகுப்பெடுப்பது அவர் பொறுப்பு. வகுப்பில் யாராவது பிஸ்கட் கடித்தால் பேச்சை நிறுத்திவிட்டு, கடித்து முடிக்கும்வரை அவர்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவருடைய எடை எண்பத்தொன்றரைக் கிலோவில் நின்றுபோயிருந்தது. தொண்ணூற்று மூன்றிலிருந்து சறுக்குமரத்தில் வருவதுபோல் வந்த முள், அங்கே வந்ததும் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. நிலாக்கப்பலில் ஏற எழுபத்தெட்டுக்கு மேல் அனுமதி இல்லை. போன கப்பலை அவர் எடையினால்தான் தவறவிட்டார். நிலாக்குடியில் மண் பொறியாளராக இருக்கும் மனைவி பூங்கோதை, இந்தத் தடவை தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"இந்தக் கப்பல்லயும் நீங்க வரலைன்னா, நான் இங்கேயே இன்னும் அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுடுவேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

"நான் என்ன வேணும்னா நிக்கறேன்? உடம்பு இறங்க மாட்டேங்குது பூங்கோதை."

நிலாவுக்குப் போன சொல்லுக்குப் பதில் திரும்பிவர மூன்று விநாடி ஆகும். பூங்கோதை அதற்குமேல் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாள்.

"உடம்பு இறங்கலையா, நீங்க இறங்கலையா?"

அன்றிலிருந்து அறவாழிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பத்தியம் சொல்லும் எந்திரத்திடம் போனார். அது பொறுமையாக விளக்கியது: எடை இறங்க இறங்க, பஞ்சம் வந்துவிட்டதென்று உடம்பு பயந்து சிக்கனம் பிடிக்கும். இதற்குத் தேக்கநிலை என்று பெயர். பழகிய பயிற்சியை மாற்றுங்கள். ஓட்டத்தைக் குறைத்துப் பளு தூக்குங்கள். கொஞ்சம் பாய்ச்சல், கொஞ்சம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். சோற்றைக் குறைத்துப் பயறும் முட்டை வெள்ளையும் மோரும் சேருங்கள். நன்றாகத் தூங்குங்கள். சாப்பிடுவதையெல்லாம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கடைசி யோசனை மற்றவர்களுக்கானது என்று அறவாழி எடுத்துக்கொண்டார். வயிற்றுக்குள்ளேயே ஒரு கணக்குச் சில்லு வைத்துவிட்டால் வேலை சுலபம்தான். ஆனால் அது அந்தரங்கத்தை மீறும் குற்றம் என்று எப்போதோ சட்டம் போட்டுவிட்டார்கள். எல்லாக் கட்சிகளும் விவாதமே இல்லாமல் கைதூக்கிய ஒரே மசோதா அது.

சந்தனராஜ் பளு தூக்கினார், பாய்ந்தார், நடந்தார். வீட்டில் அறவாழி பயறு தின்றார். இரவில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தார். முள் அசையவில்லை.

இங்கே ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆறுநேரத்தில் அறவாழி சீரியல் பார்ப்பதில்லை, சொற்பொழிவு கேட்பதுமில்லை. சில மாதங்களுக்கு முன், பேழைக்குள் அவர் பெருமூச்சு விட்டதைக் கேட்டுச் சந்தனராஜ் குரலைத் தாழ்த்தி ஒரு வசதி சொன்னார்.

"பத்தியம் உங்க உடம்புக்குத்தானே சார், உங்களுக்கு இல்லையே? ஆறப்போட்ட உடம்பு ஒண்ணு சும்மா கிடக்குது. ஏறி உட்கார்ந்து பின்னாடி மெஸ்ஸுல சாப்பிட்டுட்டு வாங்க. ருசி உங்களுக்கு, சதை ஊரானுக்கு."

"அந்த ஆள் பாவமில்லையா?"

"ஒல்லியான உடம்பு சார் அது. எவ்வளவு தின்னாலும் ஏறாது."

கொஞ்சம் குனிந்து பார்த்திருந்தால் ஒல்லியா இல்லையா என்பது தெரிந்திருக்கும். அறவாழி குனிந்ததே இல்லை. மெஸ்ஸுக்குப் போகும்போது நேராகத்தான் பார்த்துக்கொண்டு போவார்.

சந்தனராஜ் ஆட்களை, ஒருவர் கண்ணில் ஒருவர் படாதபடி கவனமாக முன்பின்னாக அனுப்புவார். அன்று கொட்டகையில் மின்சாரம் போய்த் திரும்பியதில் நேரமெல்லாம் குழம்பிவிட்டது. அறவாழி வாடகை உடம்பில் மெஸ்ஸுக்குள் நுழைந்தபோது, மூலை மேசையில் அவரே உட்கார்ந்து நெய் ரோஸ்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தன் வாய் அசைவதை வெளியிலிருந்து அவர் அதுவரை பார்த்ததில்லை. பார்க்கச் சகிக்கவில்லை.

"யோவ்! இறங்குய்யா என் உடம்பை விட்டு!"

அவருடைய உடம்பு தலை நிமிர்ந்தது. மென்றதை விழுங்கியது. பிறகு அதன் கண்கள் அகலமாயின.

"முதல்ல நீங்க இறங்குங்க. நீங்க மாட்டிக்கிட்டிருக்கிறது என் உடம்பு. அந்த மோதிரம் என் மாமனார் போட்டது."

அறவாழி முதல் தடவையாகக் குனிந்தார். மோதிரம் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு தொந்தி இருந்தது.

"நீங்க யாரு?"

"அட்வகேட் திருவேங்கடம், ஹைகோர்ட். ஏழெட்டு மாசமா எண்பத்தெட்டுலயே நிக்குதுன்னு டாக்டர் தைராய்டுக்கு மாத்திரை குடுத்துட்டிருக்கார். தைராய்டு நீங்கதானா சார்?"

"நான் ரெண்டு இட்லிதாங்க சாப்பிடுவேன்!"

"ரெண்டு இட்லியா?" என்றார் இலை போட வந்த சர்வர். "அப்ப தினம் பூரி மசால் வாங்குறது யாரு, உங்க ஆவியா?"

சந்தனராஜைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "என்கிட்ட கத்தி என்ன சார் பண்றது? இங்க வர்ற எல்லாருக்கும் பத்தியம், எல்லாருக்கும் பசி. ஒருத்தர் உடம்புல ஒருத்தர் சாப்பிட்டுட்டு, எல்லாரும் எடை இறங்கலைன்னு என் மேல புகார் எழுதறீங்க. ஓடினது மட்டும் நான் ஒருத்தன்தான்."

நிலாக்கப்பலின் எடை மேடைக்கு இன்னும் பத்தே நாள் இருந்தது. அறவாழி புலனடக்க வகுப்பில் பேசும் குரலை வரவழைத்துக்கொண்டார். இனி ஒருவர் உடம்பில் மற்றவர் ஒரு பருக்கைகூட உண்பதில்லை என்று இருவரும் பெற்ற தாய் மேல் ஆணையிட்டுக் கைகொடுத்துக்கொண்டார்கள். யாருடைய கை யாருடையது என்று ஒரு கணம் குழப்பம் வந்தது. சோற்றைப் பாதியில் விட்டு எழுவது மரியாதை இல்லை என்பதால், இலையில் இருந்ததையும், அதற்குள் அறவாழிக்கு வந்துவிட்ட பூரி மசாலையும் மட்டும் இருவரும் முடித்தார்கள்.

அந்தப் பத்து நாளும் அறவாழி தவித்த தவிப்பு கொஞ்சமில்லை. வக்கீலை எப்படி நம்புவது? காலையில் உடம்பைத் திரும்ப வாங்கியதும் உள்ளங்கையை மோந்து பார்ப்பார். வயிற்றைத் தட்டிப் பார்ப்பார். வகுப்பின் நடுவில் ஏப்பம் வந்தால் அதில் என்ன வாசனை என்று யோசித்தபடி நின்றுவிடுவார். பெட்டியைக் கட்டி வைத்தார், பிரித்தார், மறுபடி கட்டினார். பூங்கோதைக்குப் பிடித்த ஊறுகாயைத் தன் எடையோடு சேர்ப்பார்களா என்று கப்பல் அலுவலகத்தை மூன்று தடவை கேட்டார்.

ஏவுதளத்தில் எடை மேடை மேல் ஏறி, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றார். மேடை எண்பத்திரண்டு காட்டியது. அங்கிருந்த எந்திரம், அடுத்த கப்பலுக்கு வாழ்த்துச் சொல்லி அவரை ஓரமாக நிற்கச் சொன்னது.

அங்கிருந்தே பூங்கோதையைக் கூப்பிட்டார். உள்ளதையெல்லாம் கொட்டினார்: கொட்டகை, மெஸ், வக்கீல், சத்தியம்.

"நம்பவச்சுக் கழுத்தறுத்துட்டான் பூங்கோதை! பெத்த தாய் மேல சத்தியம் பண்ணிட்டு, பத்து நாளும் என் உடம்புல உட்கார்ந்து தின்னுருக்கான். இவனெல்லாம் மனுஷனா?"

மூன்று விநாடி போயிற்று. அதன்பிறகும் கொஞ்சம் போயிற்று.

"அவர் இருக்கட்டும். நீங்க நிறுத்திட்டீங்களா?"

"என்ன கேள்வி இது? அன்னைக்கே நிறுத்திட்டேன்."

மேலே பேனா கீறுகிற சத்தம் கேட்டது. ஐந்து வருஷத்துக்கான கையெழுத்து கொஞ்சம் நீளமானது.

அன்று காலை அறவாழி திருவேங்கடத்தின் உடம்பில் உட்கார்ந்து மூன்று உளுந்து வடை சாப்பிட்டிருந்தார். சட்னி இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.