மஞ்சள் தட்டுக்கு ஊட்டியவன்

“யாரைக் கேட்டு என் தட்டைத் தொட்டீங்க?”

மெரேயானா போட்ட சத்தத்தில் ஆய்வுக்கூடமே திரும்பிப் பார்த்தது. செல் வளர்க்கும் இன்குபேட்டர் பக்கத்தில் நின்றவன், நியூசிலாந்தின் டனீடன் நகர மழையில் நனைந்த தலையைக்கூடத் துவட்டாமல் விழித்தான். சாம்பல் நிறக் கண்கள்... திட்டும்போதா இதையெல்லாம் பார்ப்பது என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

“நான் ஃபெர்கஸ்... மேல் மாடிக்குப் புதுசு. ஒரு வாரமா நீங்க வரல. தட்டெல்லாம் மஞ்சளாயிடுச்சு. செல்லு பசியில செத்துடுமேன்னு என் செல்லுக்கு வச்சிருந்த தீனியை ஊத்தினேன்.”

“எனக்கு ஃப்ளூ ஜுரம்! நீங்க ஊத்தினது வெறும் தீனி. எலும்பா மாறச் சொல்ற மருந்தே அதுல இல்ல. இனி இந்தப் பக்கம் வந்தீங்க, கையை ஒடிச்சிடுவேன்!”

“ஒடிங்க... ஒட்டவைக்கத்தான் உங்க செல்லு இருக்கே!”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இளம் செல்லை எலும்பு கட்டவிடாமல் தடுப்பது ஒரு பொடி மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது அவள் கட்சி. தட்டின் பாதிக் குழிகளில் அது வேலை செய்யாதபடி அதன் வாயைக் கட்டியிருந்தாள். சாயம் ஊற்றும் நாளில் அவை சிவந்தால் எலும்பு, கூடவே டாக்டர் பட்டம். வெளுத்தால் இத்தனை வருஷ உழைப்பும் வீண்.

பாதியில் மாற்றினால் சோதனை குழம்பும் என்று அதே வெறும் தீனியையே தொடர்ந்தாள். அவள் மேஜையில் தினமும் சுடச்சுட ஒரு சீஸ் ரோல் இருக்கும். யார் வைத்தது என்று தெரியாதா என்ன? மணம் மூக்கைத் துளைத்தாலும் வீம்புக்கு அதை அடுத்தவருக்குத் தள்ளினாள்.

சாயம் ஊற்றிய அன்று தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வாய் கட்டிய குழிகள் மட்டும் செக்கச்செவேல்! மற்றவை வெளிறிக் கிடந்தன. மருந்தே இல்லாமல் எலும்பு... அவள் நினைத்ததைவிடப் பெரிய வெற்றி. அவன் செய்த தப்பு இல்லாவிட்டால் இது தெரிந்தே இருக்காது.

வீம்பாவது, ஒன்றாவது! படிகளில் ஓடினாள். மழை வழியும் ஜன்னலோரம் அவன் இருந்தான்.

“உங்க வெறும் தீனியிலேயே செவந்துடுச்சு! நான் கத்தினது தப்பு.”

“அப்போ என் கை தப்பிச்சுது.”

“இன்னொரு தடவை செஞ்சு காட்டினாத்தான் நம்புவாங்க... லீவு நாள்ல தீனி ஊத்த ஆள் வேணும்.”

“இந்த மாடியில நிறையப் பேர் இருக்காங்களே...”

அவள் முகம் சூடானது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை.

“அவங்க யாரும் வேண்டாம்... நீதான் வேணும். தீனி ஊத்த மட்டும் இல்ல, ஃபெர்கஸ்.”